இரவல் சாம்பிள்

இனிமேல் இந்த வீட்டில் டாக்டர் என்ற பேச்சே எழக்கூடாது என்று பேக்கரிக்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானம் போட்டார். முன்மொழிந்தவர் அவர், வழிமொழிந்தவரும் அவர். வீட்டில் இன்னொரு ஓட்டும் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டார். தீர்மானம் டீ ஆறும்வரைகூட உயிரோடு இருக்கவில்லை.

பேக்கரிக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய அடுப்பு அவருடைய ராஜ்ஜியம். விடிவதற்கு முன்பே அதன் வாயைத் திறந்து, இடுப்பு உயரத்துக்கு அனல் அடிக்க அடிக்க நின்று, ரொட்டித் தட்டுகளை உள்ளே தள்ளுவார், வெளியே இழுப்பார். மாவின்மேல் ஒரு விரலை வைத்தே அது பொங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அடுப்பு அவர் பேச்சைக் கேட்கும். மாவு அவர் பேச்சைக் கேட்கும். மனைவி கடையின் முன்பக்கம் கல்லாவில் உட்கார்ந்திருப்பதால் அவர் பேச்சு அவ்வளவு தூரம் எட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்பவர் வாயைத் திறப்பதற்குள், அவர் பன் கேட்பாரா, ரஸ்க் கேட்பாரா, எல்லாவற்றையும் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு போவாரா என்று முகத்திலேயே படித்துவிடுவாள். அப்படிப்பட்டவளோடு ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு திட்டம் போடுவது ஆபத்து. இது பேக்கரிக்காரரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணமாகி ஐந்து வருஷம். ஒரு குறையும் இல்லாத குடும்பம், ஒரே ஒரு குறையைத் தவிர. அந்தக் குறை யாருடையது என்று சொந்தக்காரர்கள் விசாரணை இல்லாமலே தீர்ப்பு எழுதியிருந்தார்கள். பேக்கரிக்காரரின் அக்கா போனில் கூப்பிடும்போதெல்லாம் நாத்தனாராகப் பேசமாட்டாள், வைத்தியராகவே பேசுவாள். இதைக் குடி, அதைத் தொடாதே, இந்தப் பக்கம் தலை வைத்துப் படு. மனைவி குடித்தாள், தொடாமல் இருந்தாள், தலையைத் திருப்பியும் படுத்தாள். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு டாக்டரம்மாவிடம் போனாள்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு கொஞ்சம் சோம்பேறியாக இருந்தது. மாத்திரையில் வழிக்கு வந்தது. சினைப்பையில் நீர்க்கட்டி உண்டா என்று ஸ்கேன் பார்த்தார்கள், இல்லை. முட்டை மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தார்கள், வந்தது. கடைசியில் கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று உள்ளே மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். குழாயும் திறந்தே இருந்தது. அன்று சாயங்காலம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். பேக்கரிக்காரர் ஒரு பன்னைச் சூடாகத் தட்டில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அவள் படும் வலி அவருக்கும் வலித்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. "பன் ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினார்.

அதற்கப்புறம் டாக்டரம்மா சொன்னதுதான் வம்பு. குழந்தை தாமதமாகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் பெண் பக்கம், ஒரு பங்குக்கு ஆண் பக்கம், மீதிப் பங்கு இருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் அல்லது யாருக்குமே பிடிபடாது என்றாராம். அதனால் வீட்டுக்காரரையும் சோதிக்காமல் இனி ஒரு அடிகூட எடுத்து வைக்கப்போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேக்கரிக்காரர் இதை ரொட்டிக் கணக்கில் போட்டுப் பார்த்தார். ரொட்டியை மூன்றாக வெட்டினால், தம் தட்டில் விழுந்திருப்பது யாருக்கும் பிடிபடாத அந்த மூன்றாவது துண்டுதான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. திங்கட்கிழமைத் தீர்மானம் இப்படிப் பிறந்ததுதான்.

மனைவி டீ டம்ளருக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை வைத்தாள்.

"இது என்ன?"

"டப்பா."

"அது தெரியுது. எதுக்கு?"

"ஜாம் போடறதுக்கு இல்ல."

பேக்கரிக்காரர் டப்பாவை ஒரு விரலால் மேசை ஓரத்துக்குத் தள்ளினார். அது திரும்பி வந்தது.

"எங்க அப்பாவுக்கு நாங்க ஏழு பேர், தெரியுமில்ல?"

"அது உங்க அப்பாவோட ரிசல்ட். நான் உங்களோடதைக் கேக்கறேன்."

"எனக்கு என்ன குறைச்சல்? மாவு மூட்டையை ஒத்தை ஆளாத் தூக்கறேன்."

"மூட்டை தூக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையாம். கேட்டுட்டேன்."

"இதையெல்லாமா போய்க் கேப்பே?"

"அவங்கதான் உங்க வேலையைப் பத்திக் கேட்டாங்க. தினம் எவ்வளவு நேரம் அனல்ல நிப்பாருன்னு. சூடு அதுக்கு ஆகாதாம். குளுமையா இருக்கட்டும்னுதான் அதை உடம்புக்கு வெளிய வெச்சிருக்காம்."

பேக்கரிக்காரர் தம்மையறியாமல் கால்மேல் போட்டிருந்த காலை எடுத்துவிட்டார். மனைவி அதைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"பயமா இருக்கா?"

"பயமா? எனக்கா?"

இருந்தது. நிறையவே இருந்தது. 'குறைவு' என்ற ஒரு சொல்லை யாராவது முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அக்காவுக்கு முன்னால், அடுப்புக்கு முன்னால், முக்கியமாக இவளுக்கு முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மாவு மூட்டை வீரமெல்லாம் அதை மூடி மறைக்கத்தான்.

"அங்க போய்க் கொடுக்கக் கூச்சமா இருந்தா, வீட்லயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு போகலாமாம்" என்றாள் மனைவி. "உடம்புச் சூட்டுல வெச்சுக் கொண்டு போனாப் போதும். யாரும் கூட நின்னு பார்க்கப்போறதில்ல."

இதைக் கேட்டதும் பேக்கரிக்காரரின் முகம் ஈஸ்ட் போட்ட மாவுபோல மெல்ல மெல்ல எழும்பியது. யாரும் பார்க்கமாட்டார்களா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். வியாழக்கிழமையே கொடுத்துவிடுகிறேன், இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். மனைவி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பேக்கரியிலிருந்து இரண்டு கடை தள்ளி டயர் கடை. அதை வைத்திருப்பவனைத் தெரு முழுக்கப் பஞ்சர் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கலாம். பேக்கரிக்காரரோடு ஒன்றாகப் படித்து, ஒன்றாக ஃபெயிலானவன். அவனுக்கு நாலு குழந்தைகள். நாலும் அவனை உரித்து வைத்தவை, குறிப்பாகக் காது விஷயத்தில். கதவு இரண்டும் திறந்து வைத்த கார்போல விரிந்து நிற்கும் காதுகள்.

புதன்கிழமை மத்தியானம் கடைசித் தட்டை இறக்கிவிட்டுப் பேக்கரிக்காரர் அங்கே போனார்.

"ஒரு உதவி வேணும்டா."

"ஸ்டெப்னியா?"

"ஒரு விதத்துல அதுதான்."

சுற்றி வளைத்து, மென்று விழுங்கி, ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தார். பஞ்சர் சிரித்திருக்க வேண்டும், அல்லது திட்டியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னோடதைக் கொடுத்தா ரிசல்ட் வரும். குழந்தை எப்படிடா வரும்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல மானம் போகாம இருக்கணும்."

"உன்மேல தப்பில்லன்னு வந்துட்டா, மறுபடி அவளைத்தானே போட்டுக் குடைவாங்க?"

இது பேக்கரிக்காரருக்குச் சுரீர் என்று உறைத்தது. சுருண்டு படுத்திருந்த மனைவி ஒரு வினாடி கண்முன் வந்தாள். ஆனால் பயந்தவனுக்கு நியாயம் ரொம்ப நேரம் நினைவில் நிற்காது. "நாலு பெத்தவன் நீ. கேக்கறது ஒரு சின்ன டப்பா" என்றார்.

"சரி. காலைல எத்தனை மணிக்கு வேணும்?" என்றான் பஞ்சர்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று பேக்கரிக்காரர் எதிர்பார்க்கவில்லை. சிநேகிதன் என்றால் இவன் அல்லவா சிநேகிதன் என்று நெஞ்சு நெகிழ்ந்தது. திரும்பிப் போய் ஒரு பொட்டலம் பன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலையில் அவர் காலி டப்பாவோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உள்ளே நின்று குழாய்ச் சொட்டை வேடிக்கை பார்த்தார். போதுமான நேரம் ஆனதாகத் தோன்றியதும், பெரிய காரியம் முடித்தவரின் களைப்பை முகத்தில் பூசிக்கொண்டு வெளியே வந்தார். தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகவும், மனைவி கடையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னார். மனைவி மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினாள். பேக்கரிக்காரர் பின்வாசல் வழியாக டயர் கடைக்குப் போய், கைமாற்று வாங்கிக்கொண்டு, டப்பாவைச் சட்டைக்குள் மார்போடு சேர்த்து அணைத்தபடி நடந்தார், ஓடினார். வழியில் ஒரு வாடிக்கையாளர் நெஞ்சு வலியா என்று விசாரித்தார். வாயு என்று சொல்லித் தப்பினார்.

பரிசோதனைக்கூடத்தில் ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"இப்பத்தான் கொடுத்தான்... எடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி கடைசியா எப்போ? ரெண்டு மூணு நாள் இடைவெளி இருக்கணும்."

இதைப் பஞ்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளத் தவறிவிட்டது.

"கேட்டுச் சொல்லட்டுமா?"

"யார்கிட்ட சார் கேப்பீங்க?"

"வீட்ல."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். நாலு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதற்கெல்லாம் ஏது நேரம் என்று ஆரம்பித்த பேக்கரிக்காரர், நாக்கைக் கடித்துக்கொண்டு, இடைவெளி இருந்தது என்று முடித்தார். திரும்பி வரும்போது விசில் அடித்துக்கொண்டே வந்தார்.

ரிசல்ட் கேட்கப் போன அன்று சவரம் செய்து, வாசனை பூசி, டாக்டரம்மாவுக்கு எதிரே சாய்ந்து உட்கார்ந்தார். பாராட்டினால் அடக்கமாக என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். 'எல்லாம் பரம்பரை, டாக்டர்' என்று சொல்வதாக உத்தேசம். மனைவி பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"பரவாயில்ல, சொல்லுங்க. அதிகமா இருந்தாலும் தாங்கிப்பேன்."

"ஒண்ணுகூட இல்ல."

"என்ன ஒண்ணுகூட இல்ல?"

"விந்தணு. எத்தனை தடவை பார்த்தும் ஒண்ணுகூடக் கிடைக்கல."

"அது எப்படி, நாலு குழந்தைங்க..."

"யாருக்கு?"

"எங்க தெருவுல. பொதுவாச் சொன்னேன்."

டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா, அடிபட்டதா, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனதா, சிகரெட் உண்டா. பேக்கரிக்காரருக்கு எதைக் கேட்டாலும் பஞ்சரின் வாழ்க்கை வரலாறுதான் ஞாபகம் வந்தது. அடுத்து என்ன செய்வது என்று கேட்டவள் மனைவிதான். அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

இன்னொரு தடவை சோதிக்க வேண்டும், இந்தத் தடவை இங்கேயே கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆண் டாக்டர் ஒருவர் உடம்பைப் பார்ப்பார், ரத்தத்தில் ஹார்மோன் பார்ப்பார்கள். அப்போதும் ஒன்றுமில்லை என்றால், உற்பத்தியே இல்லையா அல்லது வரும் வழியில் அடைப்பா என்று கண்டுபிடிக்க ஊசி போட்டு நேரடியாக எடுத்துப் பார்க்க வேண்டும். நல்லதாக ஒன்று கிடைத்தாலும் போதும், அதை முட்டைக்குள் செலுத்திக் கருவாக்க முடியும். அதுவும் இல்லை என்றால், இருவருக்கும் சம்மதமானால், வேறொருவர் தானமாகக் கொடுத்ததை வாங்கியும் செய்யலாம். வேறொருவர் என்ற இடத்தில் பேக்கரிக்காரருக்குப் பெரிதாக இருமல் வந்தது.

இருமல் நின்றதும், ஊசி எங்கே போடுவார்கள் என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னார். பேக்கரிக்காரர் இரண்டு முழங்கால்களையும் ஒட்ட வைத்துக்கொண்டார். மரத்துப்போக மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள் என்று டாக்டரம்மா சொன்னது காதில் ஏறவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேக்கரிக்காரருக்குத் தம்மைப் பற்றிய கவலை இல்லை. பாவம் பஞ்சர் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. நாலு குழந்தைகளைத் தோளில் தூக்கி வளர்த்தவனிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அப்படியானால் அந்தக் காதுகள் யாருடையவை? எதிரே வந்த தபால்காரரின் காதைக் கவனித்தார். சின்னக் காது. மருந்துக் கடைக்காரருக்கு நடுத்தரம். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவரின் காதை உற்றுப் பார்த்ததில் அவர் சில்லறையைத் திருப்பி எண்ணினார். நண்பனுக்குத் துரோகம் செய்தவன் தெருவில் நடமாடிக்கொண்டிருக்கிறான் என்ற ஆத்திரத்தில் அவர் நேரே டயர் கடைக்குப் போனார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். நாலு குழந்தைகளும் மாமா மாமா என்று ஓடிவந்தன. எட்டுக் காதுகளையும் பார்த்துவிட்டுப் பஞ்சரைப் பார்த்தார். ஒரே அச்சு.

"வாழ்க்கைல எது நடந்தாலும் குழந்தைங்க மேல கோபப்படக்கூடாதுடா" என்றார்.

பஞ்சர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பூஜ்யம்னு வந்துச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலாவது பொறந்ததும் நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்டா. அப்புறம் எங்கேர்ந்து வரும்?"

"அடப்பாவி. அன்னிக்கே ஏன்டா சொல்லல?"

"நாலு பெத்தவன் வேணும்னு கேட்டே. நான் நாலு பெத்தவன். வேற ஏதாச்சும் கேட்டியா நீ?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். 'குறைவு' என்று கேட்கப் பயந்தவருக்கு இப்போது 'இல்லவே இல்லை' என்று பட்டம் கிடைத்திருந்தது. அதுவும் அடுத்தவனுடைய பட்டம். உண்மையைச் சொன்னால் மோசடிக்காரர். சொல்லாவிட்டால் பூஜ்யம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஊசி.

மனைவி சண்டை போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவள் அன்பாக இருந்தாள். சாப்பிட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் அடுப்பிலிருந்து வரும்போதெல்லாம் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு சாயங்காலம், கடை சாத்தின பிறகு, மாவு மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு நீங்க இருந்தாப் போதும். எண்ணிக்கை எல்லாம் எனக்கு முக்கியமில்ல."

ஐந்து வருஷம் அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டவள், அத்தனை ஊசியும் குத்திக்கொண்டவள், தம்மைப் பூஜ்யம் என்று நம்பிக்கொண்டே இதைச் சொல்கிறாளே என்று பேக்கரிக்காரருக்குக் கண் கலங்கியது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வாய் வேறு எதையோ சொன்னது.

"இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்கட்டுமா?"

"வேண்டாங்க. மறுபடி பூஜ்யம்னு சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க. நேரா ஊசிக்கே நாள் கேட்டுடலாம்."

"ஊசி எதுக்கு? அங்கேயே, அவங்க சொல்ற ரூம்லயே கொடுக்கறேன்."

"உங்களுக்குத்தான் கூச்சமாச்சே."

"கூச்சமாவது ஒண்ணாவது. நாளைக்கே போலாம்."

"நாளைக்கா? கடைல கேக் ஆர்டர் இருக்கே."

"கேக் கிடக்கட்டும். ஒரு பத்து இருந்தாக்கூடப் போதும்னு இருக்கு எனக்கு. கொஞ்சம் மனசு வையேன்."

அவள் வெகுநேரம் யோசித்தாள். போனால் போகிறது என்று ஒத்துக்கொண்டாள். குதிரையைத் தண்ணீர்த் தொட்டிவரை இழுத்துக்கொண்டு போகத்தான் கஷ்டப்படுவார்கள். இந்தக் குதிரை தொட்டியைக் காட்டச் சொல்லிக் கெஞ்சியது.

டாக்டரம்மா சொன்ன இடைவெளி விட்டுப் போனார்கள். அந்த அறையில் ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், சுவரில் அருவிப் படம் போட்ட காலண்டர். வெளியே யாரோ விடாமல் செருமிக்கொண்டிருந்தார். அந்தச் செருமலையும் மீறிப் பேக்கரிக்காரர் தம் கடமையைச் செய்து, டப்பாவை அதே கண்ணாடிப் பெண்ணிடம் நிமிர்ந்து நின்று கொடுத்தார். எத்தனை மணிக்கு, எத்தனை நாள் இடைவெளி என்று அவள் கேட்பதற்கு முன்பே ஒப்பித்தார். ஆண் டாக்டர் ஒருவர் உடம்பைச் சோதித்துவிட்டு, இடது பக்கம் ரத்தக்குழாய் கொஞ்சம் புடைத்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

ரிசல்ட் வந்த அன்று அவர் சாய்ந்து உட்காரவில்லை. நாற்காலியின் நுனியில் இருந்தார். மனைவியின் கைப்பை வாரை அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணிக்கை குறைவாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஓட்டமும் கொஞ்சம் மந்தம்."

"அப்ப இருக்கா?"

"இருக்கு. ஆனா குறைவு. மில்லிக்குத் தொண்ணூறு லட்சம்தான். ஒன்றரைக் கோடிக்கு மேல இருந்தா நல்லது."

பேக்கரிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். தொண்ணூறு லட்சம். இந்த ஊர் ஜனத்தொகையையே ஓரமாக உட்காரவைக்கும் கூட்டம். அத்தனை பேரும் அவருடைய ஆட்கள். டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குறைவு என்று சொன்னதற்காக இதற்கு முன் யாரும் அவர் கையைக் குலுக்கியதில்லை போலும், டாக்டரம்மா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். முதல் தடவை ஒன்றுமே இல்லாமல் இப்போது எப்படி இவ்வளவு என்று அவருக்குப் பிடிபடவில்லை. பரிசோதனைக்கூடத்தில் தப்பு நடந்திருக்கிறது, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன் என்று மணியில் கையை வைத்தார். பேக்கரிக்காரருக்கு வியர்த்தது. மனைவி முந்திக்கொண்டாள்.

"அவங்க மேல தப்பில்ல டாக்டர். இவர் கொண்டுவந்த விதத்துலதான் கோளாறு."

என்ன சாமர்த்தியம், தெரியாமலே காப்பாற்றிவிட்டாளே என்று பேக்கரிக்காரர் பூரித்துப் போனார். அதற்குப் பிறகு டாக்டரம்மா எதைச் சொன்னாலும் தலையாட்டினார். புதிதாக உருவாகி வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதுவரை அடுப்பு அனல் பக்கம் போகக்கூடாது. சரி. கடைக்குப் பின்னால் நின்று ஊதும் சிகரெட்டை இன்றோடு விட வேண்டும். விட்டாச்சு. இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், தொப்பையைக் குறைக்க வேண்டும், மாத்திரை போட வேண்டும். ஆகட்டும். அப்போதும் தேறாவிட்டால் அந்தப் புடைப்புக்குச் சின்ன ஆபரேஷன், அல்லது நல்ல அணுக்களைப் பிரித்தெடுத்து முட்டை வரும் நாள் பார்த்துக் கருப்பையில் வைப்பது, அதற்கும் மேலே போனால் சோதனைக்குழாய் முறை. இருவரும் சேர்ந்து வந்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். சேர்ந்தேதான் வருவோம் என்றார் பேக்கரிக்காரர். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இது ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஐந்து வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே பேக்கரிக்காரர் டயர் கடைக்குப் போய்ப் பஞ்சரிடம் செய்தியைச் சொன்னார். காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். மெஷின் நின்ற பிறகும் அதே சத்தத்தில் இன்னொரு தடவை சொன்னார்.

மறுநாள் விடியற்காலையில் அடுப்பு மனைவி கைக்கு மாறியது. அவர் அறிவுரைகளைச் சொல்லிவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்தார். ரொட்டி ஒன்றும் கருகவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என்றாலும் மனசு லேசாக இருந்தது. இரவல் விஷயத்தைக் கட்டையில் போகும்வரை வாய்விட்டுச் சொல்வதில்லை என்று அவர் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி உள்ளிருந்து ஒரு கேக்கை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்து வந்தாள்.

"இதை டயர் கடை அண்ணனுக்குக் கொடுத்துட்டு வாங்க."

"அவனுக்கு எதுக்கு?"

"உங்களுக்காக அன்னிக்குக் காலங்காத்தால எவ்வளவு கஷ்டப்பட்டாரு, பாவம்."

பேக்கரிக்காரர் கல்லாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"உனக்கு... எப்போலேர்ந்து தெரியும்?"

"வீட்லேர்ந்தே கொண்டு போகலாம்னு சொன்னப்ப உங்க முகம் போன போக்கைப் பார்த்தப்பவே தெரியும். அன்னிக்கே போய்ச் சொல்லிட்டேன். வந்து கேட்டா மறுக்காதீங்க, ஆபரேஷன் பண்ணிக்கிட்டதை மட்டும் சொல்லாதீங்கன்னு."

"தெரிஞ்சும் ஏன் தடுக்கல?"

"தடுத்து உங்களை இழுத்துட்டுப் போயிருந்தா, குறைவுங்கற வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டீங்க. பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதானே அதே வார்த்தைக்கு எழுந்து நின்னு கை குலுக்கினீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில், இவ்வளவு தூரம் தம்மைப் புரிந்துவைத்திருக்கிறாளே என்று நிம்மதியாகவும் இருந்தது. வலித்ததெல்லாம் அவளுக்குத்தான், அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டார். அவள் மாவுக் கையால் அவர் தோளைத் தட்டினாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு சந்தேகம்.

"நான் அவன்கிட்டதான் போவேன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் தெருவுல எல்லார் வீட்லயும் சொல்லி வெச்சேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க சரின்னு சொல்லணும், பண்ணிக்காதவங்க முடியாதுன்னு சொல்லணும்."

பேக்கரிக்காரர் கல்லாவுக்குக் கீழே ஒளிந்துகொள்ள இடம் தேடினார். அதற்குள் முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர். கண்ணாடிப் பெட்டியைப் பார்க்காமல் பேக்கரிக்காரரையே பார்த்தார்.

"தொண்ணூறு லட்சமாமே, ரொம்ப சந்தோஷம்" என்றார். "ரெண்டு பன் கொடுங்க."